ஐசியு வாசலில் கேட்கும் கேள்விகள்: சென்னையிலிருந்து ஒரு தீவிர சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

சென்னையில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சை மருத்துவராக வேலை செய்கிறேன். உள்ளே ஒருவரைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்பது, அவர் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு இந்தப் பக்கம் உதவ வேண்டும் என்பதே என் ஆசை.

எங்க டாக்டர் ஹார்ட் டாக்டர். இப்ப ஐசியு டாக்டர்னு வேற ஒருத்தர் வந்து பேசுறாரே, அவர் யார்?

ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நிபுணர் இருக்கிறார். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று உறுப்புகள் தடுமாறும்போது, ஒன்றுக்கு நல்லது செய்யும் மருந்து இன்னொன்றுக்குக் கெடுதல் செய்யும். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, வெளியேற்ற வேண்டும் என்பார் ஒருவர். சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் போதவில்லை, சலைன் வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இந்த நோயாளிக்கு, இந்த மணி நேரத்தில் எது முதலில் என்று முடிவெடுத்து, அதன் பலனைக் கட்டில் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு. பிறகு மயக்கவியல், பொது மருத்துவம், நுரையீரல் மருத்துவம் போன்ற ஒன்றில் எம்டி மூன்று ஆண்டு. அதற்கு மேல் தீவிர சிகிச்சையில் டிஎம் அல்லது டிஆர்என்பி மூன்று ஆண்டு. 1993இல் தொடங்கிய இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் நடத்தும் படிப்புகள் வழியாகத் தேறி வந்தவர்களும் உண்டு.

சில மருத்துவமனைகளில் ஐசியு முழுவதும் தீவிர சிகிச்சைக் குழுவின் பொறுப்பில் இருக்கும். வேறு சிலவற்றில், சேர்த்த மருத்துவரே எல்லா முடிவும் எடுப்பார். சேரும்போதே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு நிலைமை மாறினா, உள்ளே இருந்து முடிவு எடுக்கிறவர் யார்?" கட்டடம் எவ்வளவு பெரியது என்பதைவிட இந்தக் கேள்விக்கான பதில் முக்கியம்.

நாள் முழுக்க உள்ளே என்னதான் செய்யறீங்க? எட்டிப் பார்த்தா டாக்டர் கம்ப்யூட்டர் முன்னாடிதான் நிக்கிறார்.

காலையில் இரவுக் குழுவிடமிருந்து ஒவ்வொரு நோயாளியையும் கேட்டு வாங்குகிறோம். பிறகு ரவுண்ட்ஸ். ஒவ்வொரு கட்டிலிலும் நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்க்கிறோம்: விழிப்பு எப்படி, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, மூச்சு இரண்டு பக்கமும் போகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா, கால் குளிர்ந்திருக்கிறதா, முதுகில் படுக்கைப் புண் தொடங்குகிறதா. அதற்குப் பிறகுதான் எண்கள். ரத்த அழுத்தம் குறைந்தவருக்கு, அதை உயர்த்தும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைப்பட்ட சராசரி அழுத்தம் 65க்குக் கீழே போகாமல் பார்த்தபடி, அந்த மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மணிக்கணக்கில் நடக்கும். சிறுநீரை மணிக்கு மணி அளக்கிறோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். வரவில்லையென்றால் ஏன் என்று தேட வேண்டும்.

வென்டிலேட்டர் நோயாளியின் உயரத்தை டேப் வைத்து அளப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, உடல் பருமனைப் பொறுத்தது இல்லை. நூறு கிலோ மனிதருக்கும் அறுபது கிலோ மனிதருக்கும் உயரம் ஒன்றென்றால், இருவருக்கும் கொடுக்க வேண்டிய காற்றும் ஏறத்தாழ ஒன்றுதான். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லி அளவில் சிறு மூச்சாகக் கொடுத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று 2000இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதற்கு முன் அதைவிடப் பெரிய மூச்சாகக் கொடுப்பதே வழக்கம். மிஷினே நுரையீரலைக் கிழிக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் அப்படித்தான் ஏற்றுக்கொண்டது. அதே மாதிரிதான் குப்புறப் படுக்க வைப்பதும். தினமும் 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பது உயிர் காக்கிறது என்று 2013இல் தெரிய வந்தது; கொரோனா காலத்தில் இந்த நகரத்தின் எல்லா ஐசியுக்களும் அதைச் செய்தன. ஒரு நோயாளியை அத்தனை டியூபோடும் பத்திரமாகத் திருப்ப ஐந்தாறு பேர் வேண்டும்.

நல்ல ரவுண்ட்ஸில் பாதி நேரம் "இன்னைக்கு எதை நிறுத்தலாம்?" என்ற கேள்விக்கே போகும். யூரின் டியூப் இன்னும் வேண்டுமா, கழுத்து ரத்தக் குழாயில் போட்ட லைனை எடுத்துவிடலாமா, மயக்க மருந்தைக் குறைக்கலாமா, இந்த ஆன்டிபயாட்டிக் இன்றோடு போதுமா. ஒவ்வொரு டியூபும் கிருமி நுழைய ஒரு வழி. சேர்ப்பது சுலபம். நிறுத்தத்தான் துணிச்சலும் கவனமும் வேண்டும்.

இதில் எதுவும் சிஸ்டர்கள் இல்லாமல் நடக்காது. சளி எடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, கண்ணுக்கு மருந்திடுவது, வாயைச் சுத்தம் செய்வது எல்லாம் அவர்கள் கையில். மிஷினில் அலாரம் அடிக்கும் முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்து "டாக்டர், இவர் சரியில்லை" என்று கூப்பிடுபவரும் சிஸ்டர்தான். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதே நாங்கள் வலியுறுத்தும் அளவு. அது எங்கே குறைகிறதோ அங்கே சிகிச்சையின் தரமும் குறையும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கும் குடும்பங்கள் இதைக் கேட்க வேண்டும்.

வென்டிலேட்டர் போட்டா திரும்பி வர மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

தவறு. இந்த நம்பிக்கையால் சம்மதம் சொல்லத் தாமதித்து, பிழைத்திருக்க வேண்டியவர்களின் நிலை மோசமாவதைப் பார்க்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம். கட்டு எலும்பை ஒட்ட வைப்பதில்லை. ஒட்டும் வரை அசையாமல் தாங்குகிறது. வென்டிலேட்டரும் அப்படித்தான் தாங்குகிறது. அந்த நேரத்துக்குள் நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்ய வேண்டும், பாம்புக் கடியில் செயலிழந்த தசைகள் மீள வேண்டும். திரும்பி வருவதும் வராததும் மிஷினைப் போட வைத்த நோயையும் நோயாளியின் முந்தைய உடல் நிலையையும் பொறுத்தது. கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்ற இருபது வயதுப் பையன் சில நாளில் எழுந்து நடந்து போவான். பல ஆண்டுகளாக நுரையீரல் நார் படிந்து கெட்டிப்பட்ட எண்பது வயதுப் பெரியவருக்கு அதே மிஷின் பயன் தராமல் போகலாம்.

ஐசியு என்ற ஏற்பாடே இப்படித்தான் பிறந்தது. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் முடங்கியவர்கள் வரிசையாக வந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம் என்று காட்டினார். மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே அந்த நகரில் இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியது.

மிஷினிலிருந்து விடுவிப்பதற்கு ஒரு சோதனை உண்டு. உதவியை வெகுவாகக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளியைத் தானாக மூச்சு விட விட்டுப் பார்ப்போம். தேறினால் குழாயை எடுத்துவிடுவோம், தேறாவிட்டால் மறுநாள் மீண்டும் முயற்சி. "இன்னைக்கு மூச்சு டெஸ்ட் வெச்சீங்களா?" என்று நீங்கள் தினமும் கேட்கலாம். நல்ல மருத்துவர் எவரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

இறந்தவரை வென்டிலேட்டர்ல வெச்சு பில் போடறாங்கன்னு கேள்விப்படறோம். நாங்க எப்படி நம்பறது?

இந்தச் சந்தேகத்தோடு வெளியே உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். அதனால் நேராகவே சொல்கிறேன். இதயம் நின்றபின் வென்டிலேட்டர் காற்றை மட்டும்தான் தள்ளும். நெஞ்சு ஏறி இறங்கும், ரத்தம் ஓடாது. உடல் குளிரும், சில மணி நேரத்தில் விறைக்கும். இதை நாள்கணக்கில் மறைத்து வைக்க எந்த மிஷினாலும் முடியாது.

சந்தேகம் வந்தால் உள்ளே அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாடியில் விரல் வைத்துப் பாருங்கள். மானிட்டரில் இதயத் துடிப்பின் கோட்டையும், தமனியில் லைன் போட்டிருந்தால் ரத்த அழுத்தத்தின் அலையையும் காட்டி விளக்கச் சொல்லுங்கள். விளக்குவது எங்கள் கடமை. பிழைக்க வழியில்லாத நிலையிலும் சிகிச்சையை இழுத்துக்கொண்டே போவது உண்மையிலேயே நடக்கும் ஒன்று. அது வேறு விஷயம். அதற்குக் கீழே வருகிறேன்.

அப்பா கையைக் கட்டி வெச்சிருக்கீங்க. கண்டபடி பேசறார். புத்தி பேதலிச்சிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. கடும் நோய், தூக்கமின்மை, மருந்துகள், இரவு பகல் தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்பிவிடும். சிஸ்டர் விஷம் வைக்கிறார், சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார்கள். டியூபைப் பிடுங்குவார்கள். சிலர் சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்துவிடுவார்கள். அது இன்னும் சுலபமாகக் கவனத்துக்குத் தப்பிவிடும். கையைக் கட்டுவது கடைசி வழியாக, குறைந்த நேரத்துக்கு மட்டும் இருக்க வேண்டும்.

இதற்கு மருந்தைவிடக் குடும்பமே அதிகம் உதவும். அவருடைய கண்ணாடியும் காது மெஷினும் கொண்டுவந்து கொடுங்கள். "அப்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. காலைல பத்து மணி. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க. நான் உங்க பொண்ணு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவரிடமும் பேசுங்கள், கையைத் தொடுங்கள். குரல் கேட்டுக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சண்டை, பணப் பிரச்சினை, "டாக்டர் கையை விரிச்சிட்டார்" போன்ற பேச்சை மட்டும் கட்டில் பக்கத்தில் வேண்டாம்.

"72 மணி நேரம் கழிச்சுதான் சொல்ல முடியும்"னு சினிமா மாதிரி சொல்றீங்களே, உண்மையா?

உண்மை. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் கெடுவை மட்டும் சொன்னால் அது உங்களை வதைக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கடும் கிருமித் தொற்றில் வந்தவரைச் சேர்த்த முதல் மணி நேரத்தில் ஆன்டிபயாட்டிக் போடுகிறோம், ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறோம். அதற்கு உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்பது அன்றைக்கே தெரியாது. இரண்டு மூன்று நாளில் தெரியும். நார்அட்ரினலின் குறைகிறதா, உடலுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் இறங்குகிறதா, சிறுநீர் வருகிறதா, கொடுக்கும் ஆக்சிஜனைக் குறைக்க முடிகிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? இதயம் நின்று மீட்கப்பட்டவர் நினைவில்லாமல் இருந்தால், மூளையின் எதிர்காலம் குறித்து 72 மணி நேரத்துக்கு முன்பு கைவிரிக்கும் முடிவு சொல்லக் கூடாது என்பதே உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் நெறி. அவசரப்பட்டால் மீளக்கூடியவரையும் இழந்துவிடுவோம்.

ஆகவே கெடு சொல்லும் மருத்துவரிடம் அப்போதே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எதைப் பார்த்து முடிவு சொல்வீர்கள்? முன்னேற்றம் என்றால் என்ன நடக்கும்? முன்னேற்றம் இல்லையென்றால் என்ன செய்வோம்? பதிலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அதே தாளோடு வந்து உட்காருங்கள். கெடு முடிந்ததும் மீண்டும் ஒரு கெடு, அதற்குப் பிறகு இன்னொன்று என்று போகும் சிகிச்சையில் யாரும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம். அதன் வலியை நோயாளி தாங்குகிறார், செலவைக் குடும்பம் தாங்குகிறது.

கூடவே இன்னொன்று. நாங்கள் உங்களிடம் "என்ன செய்யலாம் சொல்லுங்க" என்று கேட்டால், எங்கள் சுமையை உங்கள் தலையில் வைக்கிறோம். நாங்கள் கேட்க வேண்டியது, "அவரால் இப்ப பேச முடிஞ்சா என்ன சொல்லியிருப்பார்?" என்பது. அம்மா எப்போதாவது பக்கத்து வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்ததைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியம் எந்த ஸ்கேனும் தராத தகவலை எங்களுக்குத் தரும்.

சாதாரண காய்ச்சல்தானே, ஏன் ஐசியு?

சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் கட்டில்களில் முகங்கள் மாறும். இளம் வயதினர், நேற்று வரை வேலைக்குப் போனவர்கள்.

டெங்குவில் காய்ச்சல் விட்டதும் "சரியாயிடுச்சு" என்று வீட்டில் நிம்மதியாவார்கள். ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். இது ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், மந்தம், கை கால் சில்லிடுதல் என்று எது வந்தாலும் உடனே கூட்டி வாருங்கள். எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே கேட்கிறார்கள். நாங்கள் அதைவிட ஹீமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) நாடியையும் சிறுநீரையும் கவனிக்கிறோம். திரவத்தைக் குறைவாகக் கொடுத்தாலும் ஆபத்து, கசிவு நின்ற பிறகும் கொடுத்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து. அதனால்தான் மணிக்கு மணி பார்க்கும் இடத்தில் வைக்கிறோம்.

எலிக்காய்ச்சல் தேங்கிய மழைநீரில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு வரும். கால் தசை வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவது. முற்றினால் நுரையீரலில் ரத்தக் கசிவு.

ஸ்க்ரப் டைபஸ் புதரில் வாழும் சிறு பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கும். அது அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழோ ஒளிந்திருக்கும், வலிக்காது, நோயாளிக்கே தெரியாது. அதைத் தேடித்தான் முழு உடலையும் பார்க்கிறோம். கண்டுபிடித்துவிட்டால் மருந்து டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்ததுதான். முற்றிய நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023இல் வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது. நம் ஊர் நோய்க்கு நம் ஊர் மருத்துவர்கள் தேடித் தந்த பதில் என்பதில் எனக்குப் பெருமை.

காய்ச்சல் எத்தனை நாள், எந்தத் தண்ணீரில் நடந்தார், எந்தக் கிராமத்துக்குப் போய் வந்தார், மெடிக்கலில் என்ன மாத்திரை வாங்கிப் போட்டார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

எலி மருந்து சாப்பிட்ட பொண்ணு நல்லாத்தானே பேசறா?

சில விஷங்கள் முதல் இரண்டு நாள் எந்த அறிகுறியும் காட்டாமல் பிறகு ஈரலைத் தாக்கும். நன்றாக இருக்கிறாள் என்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பாக்கெட்டையோ டப்பாவையோ கையோடு கொண்டுவாருங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து உண்மையை மறைக்காதீர்கள்; மறைத்தால் தவறான சிகிச்சை நடக்கும். கண் விழித்ததும் அவளிடம் யாரும் விசாரணை நடத்த வேண்டாம். மனநல மருத்துவரைப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போக வேண்டும். மனம் தாங்காத நேரத்தில் 104 அல்லது 14416 எண்ணுக்கு யாரும் பேசலாம்.

ஒரு தடவை பாக்கறதுக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

கிருமிக்குப் பயந்துதான். எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் பணியாத கிருமிகள் ஐசியுக்களில் குடியிருக்கின்றன. 2012இல் இந்தியாவின் பல மருத்துவச் சங்கங்கள் இதே நகரில் கூடி, ஆன்டிபயாட்டிக்குகளைப் பொறுப்பாகப் பயன்படுத்துவதற்கான வழித்திட்டத்தைச் 'சென்னைப் பிரகடனம்' என்று வெளியிட்டன. கையைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள், வெளியே போகும்போதும் கழுவுங்கள். சளி பிடித்தவர்கள் வர வேண்டாம். ஆனால் பார்வை நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கை சுத்தமாக இருந்தால், ஒருவர் நிதானமாக உட்கார்ந்திருப்பது நோயாளிக்கு நல்லதே.

திருநீறு பூசலாமா? கஷாயம் கொடுக்கலாமா? கங்கா ஜலம்?

திருநீறு, குங்குமம், ஓதிய எண்ணெய், ஜெபம் எதற்கும் தடையில்லை. நெற்றியில் தாராளமாகப் பூசுங்கள். காயம், குழாய், லைன் இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள், அது நேராக நுரையீரலுக்குப் போகும். வாயில் ஊற்றியே ஆக வேண்டும் என்ற கடைசி நேரம் வந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்க உதவுவார். நிலவேம்புக் கஷாயமோ வேறு எதுவோ மூக்குக் குழாய் வழியே தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். குடல் வேலை செய்தால் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே குழாய் வழியே உணவு தொடங்கிவிடுகிறோம்.

கழுத்துல ஓட்டை போடணும்னு சொல்றாங்க. அவ்வளவுதானா?

இல்லை. வாய் வழியே போட்ட குழாயைப் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் வைத்திருந்தால் தொண்டை புண்ணாகும், மயக்க மருந்தும் அதிகம் தேவைப்படும். கழுத்தில் போட்டால் விழித்திருக்கலாம், உட்காரலாம், சளி எடுப்பது சுலபம், பிறகு வால்வு வைத்துப் பேசவும் முடியும். தேவை முடிந்து குழாயை எடுத்ததும் அந்தத் துளை பெரும்பாலும் தானாக மூடிவிடும்.

செலவு எங்க கையை மீறிப் போகுது. என்ன செய்ய?

வெட்கப்படாமல் முதல் நாளே பேசுங்கள். பத்தாம் நாள் நகையை அடகு வைத்துவிட்டு வந்து அழும் குடும்பத்திடம் எங்களால் அதிகம் செய்ய முடியாது. முதல் நாள் என்றால் வழி இருக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் எல்லா நோய்க்கும் எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, காப்பீட்டு டெஸ்கில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பதிவுபெற்ற மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது, அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும்.

அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது தோல்வி ஆகாது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார், 2023இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை எல்லாவற்றிலும் தீவிர சிகிச்சை உண்டு. கடினமான கேஸ்களை அதிகம் பார்த்த கைகள் அங்கே இருக்கின்றன. கட்டில் இருக்கிறதா என்று நாங்கள் மருத்துவருக்கு மருத்துவர் பேசி உறுதி செய்த பிறகு, வென்டிலேட்டர் உள்ள ஆம்புலன்ஸில் மாற்றுங்கள். உறுதி செய்யாமல் கிளம்பி ஒவ்வொரு வாசலாக அலையும்போதுதான் உயிர் போகிறது.

"எவ்வளவு செலவானாலும் எல்லாமே செய்யுங்க"ன்னு நாங்க சொன்னா?

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பாசம் எங்களுக்குப் புரிகிறது. வெளிநாட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கும் மகனிடம் அது இன்னும் பலமாக வரும். ஆனால் "எல்லாமே" என்பதில் நெஞ்சை அமுக்கும்போது விலா எலும்பு முறிவது, டயாலிசிஸ், வாரக்கணக்கில் ஊசிக் குத்தல் எல்லாம் அடக்கம். நோய் குணமாகக் கூடியதென்றால் இத்தனையும் தகும். குணமாக வழியே இல்லாதபோது இவை இறப்பைத் தள்ளிப்போட்டு வேதனையை நீட்டுகின்றன. வீட்டில் ஒருவரைப் பேசுவதற்கு நியமியுங்கள். முடிவெடுக்கும்போது மட்டும் எல்லோரும் சேர்ந்து வந்து ஒரே நேரத்தில் கேளுங்கள். ஆளுக்கு ஒரு நேரம் கேட்டால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு போவீர்கள்.

இனி வழியில்லைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? உயிர் வீட்லதான் பிரியணும்னு பாட்டி சொல்வாங்க.

போகலாம், ஆனால் திட்டமிட்டு. கையெழுத்துப் போட்டு, மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே தாம்பரம் தாண்டிப் போகும் வழியில் மூச்சுத் திணறி இறப்பது யாருக்கும் நல்ல சாவு இல்லை. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் என்ன மருந்து, யார் கொடுப்பார், குழாயை எப்போது எடுப்பது, வீட்டில் உயிர் பிரிந்தால் மருத்துவச் சான்று யார் தருவார் என்று கிளம்பும் முன் கேளுங்கள். விபத்து, விஷம் போன்ற சட்டம் சார்ந்த கேஸ்களில் இது முடியாது.

மருத்துவமனையிலேயே செயற்கைச் சிகிச்சையை நிறுத்தி, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கண்ணியமாக இறக்கும் உரிமையை அங்கீகரித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது மூன்று மருத்துவர்கள் கொண்ட ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும், இன்னொரு மூவர் குழு அதை உறுதி செய்ய வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். ஒருவர் நல்ல நிலையில் இருக்கும்போதே, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம். ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் இதை எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதைப் படித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக முடிவெடுத்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

மூளைச்சாவுன்னு சொல்றாங்க, ஆனா இதயம் துடிக்குதே?

இது கோமா இல்லை. மூளைத் தண்டு உள்பட மூளை முழுவதும் மீள முடியாமல் இறந்துவிட்டது; மிஷின் தரும் ஆக்சிஜனால் இதயம் கொஞ்ச காலம் தானாகத் துடிக்கிறது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். மிஷினின் மூச்சை நிறுத்தி, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற ஒரு மூச்சாவது தானாக வருகிறதா என்று பார்ப்பதும் அதில் ஒன்று. சந்தேகம் இருந்தால் இரண்டாம் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நான் கொடுப்பேன்.

அதன் பிறகுதான் உறுப்பு தானம் பற்றி உங்களிடம் பேசுவார்கள். தமிழ்நாட்டில் அரசு நெறிப்படுத்தும் இத்திட்டம் 2008இல் தொடங்கியது. யாருக்கு உறுப்பு போகும் என்பது அரசின் காத்திருப்புப் பட்டியல்படி முடிவாகும், எங்கள் கையில் இல்லை. சம்மதித்த பிறகு உறுப்பைக் காக்கும் செலவு உங்களைச் சேராது. 2014 ஜூனில் பொது மருத்துவமனையிலிருந்து அடையாறுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை, போலீஸ் வழிவிட்டு நிறுத்திய சாலையில் 14 நிமிடத்துக்குள் ஒரு இதயம் கடந்தது. 2023 செப்டம்பரிலிருந்து தானம் செய்தவரின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறார்கள். மறுக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தால் யாரும் உங்களைக் குறைவாகப் பார்க்கக் கூடாது.

வீட்டுக்கு வந்துட்டார். ஆனா பழைய மனுஷன் இல்லையே?

ஐசியுவில் பத்து நாள் படுத்தாலே தொடைத் தசை கண்ணுக்குத் தெரியக் கரையும். டம்ளரைத் தூக்கக் கை நடுங்கும், படி ஏற மூச்சு வாங்கும். மறதி, கெட்ட கனவு, காரணமில்லாத அழுகை, மிஷின் சத்தம் கேட்டால் பதற்றம் எல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம். கூடவே இருந்து பார்த்த மனைவிக்கும் தூக்கம் கெட்டிருக்கும், அவரையும் யாராவது கவனிக்க வேண்டும். முதல் வாரத்திலிருந்தே பிசியோதெரபி தொடங்குங்கள். முட்டை, பருப்பு, பால், மீன் எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்தபோது நிறுத்திய பிபி, சுகர் மாத்திரைகளில் எதை மறுபடி தொடங்க வேண்டும், ஐசியுவில் தொடங்கிய எதை நிறுத்த வேண்டும் என்று முதல் ரிவ்யூவில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மறுபடி காய்ச்சல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, கழுத்துத் துளை இருந்த இடத்தில் விசில் மாதிரி மூச்சுச் சத்தம் என்று எது வந்தாலும் ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் டிஸ்சார்ஜ் சம்மரியோடு அன்றைக்கே வாருங்கள். இரவானால் 108ஐக் கூப்பிடுங்கள்.